நாலு மணிக்கு மேல் தொட்டதெல்லாம்

ஏழாந்துறையில் ஜெசிந்தா தொட்ட பொருளெல்லாம் கனக்கத் தொடங்கியது ஒரு புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. அன்றைக்கு அங்கன்வாடியில் முட்டை போடும் நாள் என்பதால் கிழமை மட்டும் எல்லோருக்கும் நன்றாக நினைவிருந்தது. கடைசிப் பிள்ளையையும் அதன் தாயிடம் ஒப்படைத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்த சாம்பார் கரண்டியை ஆணியில் மாட்டப்போனவள், கையில் தெம்பில்லாமல் அதைத் தரையில் நழுவவிட்டாள். சமையல் உதவிக்கு இருந்த லூசியா குனிந்து எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், வரவில்லை. வெளியே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டாள், அவர்கள் மேலும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள், படகைக் கரையேற்றுகிற ஆறு ஆண்கள் ஏலேலோ போட்டு இழுத்தும் கரண்டி அசையவில்லை, அதற்கு அடியில் இருந்த சிமெண்டுத் தரைதான் மெல்ல விரிசல் விட்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தப் பக்கமாக வந்த ஒரு கோழி அந்தக் கரண்டியைக் காலால் தட்டி உருட்டிக்கொண்டு போனது.

அதற்கு ஒரு வருடம் முன்பே அவளுடைய உடம்பில் கனம் தொடங்கியிருந்தது. ஆனால் அதை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. காலையில் அவள் எல்லாப் பெண்களையும் போலத்தான் இருந்தாள், குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள், மகள் அமலிக்குத் தலைபின்னினாள், அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். உச்சிப்பொழுது சாய்ந்ததும் கடைக்கு ஷட்டர் இறக்குவதுபோல் அவளுடைய கண்ணிமைகள் இறங்கும், சோற்றை மென்றுகொண்டே இருக்கையில் தாடை பாதியில் நின்றுபோகும், பேச்சு வாயிலிருந்து மூக்குக்கு ஏறிக்கொள்ளும், சீப்பை எடுத்த கை தலைவரைக்கும் போகாமல் மடியில் விழும். இதைச் சொல்ல அவள் காலை ஆறு மணி பஸ்ஸில் டவுனுக்குப் போனாள், பத்து மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள், டாக்டர் ஒரு ஆரோக்கியமான பெண்ணைப் பார்த்தார். இப்படி நாலு டாக்டர்கள். முதலாமவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், இரண்டாமவர் கண்ணாடி போடச் சொன்னார், மூன்றாமவர் வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டார். நாலாமவர் அவளிடம் ஒன்றும் சொல்லாமல், அவள் கணவன் ததேயுவைப் பார்த்து, "வேலை செய்ய மனசில்லாதவங்களுக்கு இப்படித்தான் வரும்" என்றார். திரும்பி வரும்போது ததேயு பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலோரம் இருந்த ஜெசிந்தா, ஒருவேளை அதுதான் உண்மையோ, நான் சோம்பேறிதானோ, எனக்கே தெரியாமல் நான் நடிக்கிறேனோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குத் தன்னைக் கண்டே பயம்.

கரண்டி கனத்த பிறகு ஊருக்கு அவள் சோம்பேறி இல்லை என்று தெரிந்தது, ஆனால் வேறு என்ன என்று தெரியவில்லை. அவளுடைய அப்பா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போகாமல் விட்டதால் என்றார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது கடற்கரையில் எதையோ தாண்டிவிட்டாள் என்றார்கள். பங்குச் சாமியார் வந்து கரண்டிக்கும் அவளுக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியெல்லாம் ஓய்ந்து, கனத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. ஐப்பசிக் காற்றில் தகரக் கூரை பறக்காதவர்கள் ஏழாந்துறையில் கிடையாது. கூரைமேல் குறுக்காகக் கயிறு போட்டு அதன் நுனியை ஜெசிந்தா தொட்டால் கயிறு முழுக்கக் கனத்துக் கூரையை அமுக்கிக்கொள்ளும் என்பதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது, ஆனால் அந்த வருடம் ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை. அதிலிருந்து காற்றுக் காலம் வந்தால் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று ஊர்க்கமிட்டி முறை வைத்தது. நாலு மணிக்கு மேல் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், நாற்காலியை அவள் தொடாதபடி கைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அவள் கண் பாதி மூடியபடி ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக்கொண்டே வருவாள். அவளிடம் யாரும் முகம் கோணவில்லை. பெரிய நெத்திலியாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் தங்கள் பிள்ளைகளை அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளியே நிறுத்தினார்கள்.

உயிருள்ள எதையும் நாலு மணிக்கு மேல் அவள் தொட்டதில்லை, தொட்டுப் பார்க்கவும் துணியவில்லை. நிலத்துக்கு இனிமேல் கனக்க இடமில்லை, அதனால் நிலம் அவளைத் தாங்கியது, உடுத்திய துணி ஏனோ கனக்கவில்லை. ஆனால் தண்ணீர் குடிக்கத் தம்ளரைப் பிடித்தால் தம்ளர் கீழே போய்விடும், யாராவது வாயில் ஊற்றவேண்டும். கரண்டிக்கும் தம்ளருக்கும் இந்தக் கதி என்றால், அமலிக்கு என்ன ஆகும்? அந்தச் சின்ன நெஞ்சுக்கூடு, அதற்குள் இருக்கும் அந்தச் சின்ன மூச்சு, அது கனத்தால் என்ன ஆகும்? அதனால் ஜெசிந்தா தினமும் மூணரை மணிக்கே மகளைத் தூக்கி முத்தம் கொடுத்து, தலையைக் கோதி, நகத்தில் அழுக்கிருக்கிறதா என்று பார்த்து, அன்றைக்குத் தொடவேண்டியதையெல்லாம் தொட்டு முடித்துவிடுவாள். பிறகு இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் உட்காருவாள்.

அமலி எழுத்துப் படிப்பதற்கு முன்னால் கடிகாரத்தில் நாலு எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டாள்.

"அம்மா, சின்ன முள்ளு அங்க போயிட்டா?"

"போயிட்டு, மக்கா."

"ஒரே ஒரு விரலு மட்டும் தா. சுண்டுவிரலு."

"வேண்டாம் மக்கா, அப்படியே தள்ளி உக்காரு. அத்தை வந்து உனக்குச் சோறு தருவா."

அத்தை என்பது ததேயுவின் அக்கா பிரிஸ்கா, அடுத்த வீடு. அவளும் அப்போது ஜெசிந்தாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வருவாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள், போவாள். காரணம் இருந்தது. அந்தச் சித்திரையில் ஒருநாள் கணவாய் பிடிக்க மூணு பேர் போன பைபர் படகு கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே மூக்கு கவிழ்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. படகு அலையில் இறங்கும்போது கரையில் நின்றிருந்த ஜெசிந்தா, தலை சுற்றி விழப்போனவள், கைக்கு எட்டியதைப் பிடித்திருக்கிறாள். அது அந்தப் படகின் நங்கூரக் கயிறு. மூணு விநாடிதான் பிடித்தாள். மணி நாலு அடிக்க இன்னும் நேரமிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். மூணு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள், அதில் ஒருவன் பிரிஸ்காவின் புருஷன் மரியான். உப்புத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தான்.

அதற்குப் பிறகு கமிட்டி கூடி, நாலு மணிக்கு மேல் ஜெசிந்தா கடற்கரைக்கு வரக்கூடாது, கமிட்டி சொல்வதைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தது. யாரும் கோபத்தில் சொல்லவில்லை. அமாவாசைக்குக் கடலுக்குப் போகாமல் இருப்பதுபோல் அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது. அங்கன்வாடியிலிருந்து மேலதிகாரி வந்து, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று இதமாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஊர் அவளைப் பழகிக்கொண்டது. அவள்தான் பழகிக்கொள்ளவில்லை. ஆவணி பிறந்தபோது குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரத் தொடங்கியது. புரட்டாசியில் மல்லாந்து படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்காருவதுபோல் இருந்தது, அதனால் சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடினாள். சாவுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. எதனால் சாகிறோம் என்று தெரியாமலே செத்துப்போய், தன் கல்லறையிலும் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு நிற்பார்களே, அமலி பெரியவளாகி அதில் எதை நம்புவாள் என்பதுதான் அவளை உலுக்கியது.

கார்த்திகை மாதம் பங்கு மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய வேன், தரைப்பாலத்தில் வெள்ளம் போனதால் மாட்டிக்கொண்டு மூணரைக்குத்தான் வந்தது. வானம் ஈயம்போல் இருந்தது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகளையும் வயசானவர்களையும் பார்த்து முடித்து ஜெசிந்தாவின் பேரைக் கூப்பிடும்போது மணி நாலே முக்கால். வியாதி தொடங்கி இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் அவளைச் சாயங்காலத்தில் பார்ப்பது அதுவே முதல் முறை.

டாக்டரின் பேர் ஷமீமா. முப்பது வயதுதான் இருக்கும், பசியில் முகம் வாடியிருந்தது. ஜெசிந்தா சொன்னதையெல்லாம் இடையில் பேசாமல் கேட்டார், பிறகு, "என் விரலைப் பிடிங்கம்மா, இறுக்கிப் பிடிங்க" என்று கையை நீட்டினார்.

மண்டபமே ஒரே குரலில், "தொடாதீங்க டாக்டர்!" என்றது. ஜெசிந்தா கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

டாக்டர் காரணத்தைக் கேட்டார், கமிட்டித் தலைவர் கபிரியேல் விளக்கினார். "சரி, இதைப் பிடிங்க" என்று டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலை நீட்டினார். ஜெசிந்தா பிடித்தாள், நழுவவிட்டாள், சுத்தியல் மேஜைப் பலகையை உடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. டாக்டர் அதைப் பார்த்து, "பிடி ரொம்பக் குறைவு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். சுத்தியல் விடியும்வரை அங்கேதான் கிடக்கும் என்று கபிரியேல் சொன்னபோது, வேறொன்று வண்டியில் இருக்கிறது என்றார்.

"இப்போ மேல பாருங்க. அந்த மின்விசிறியையே பாருங்க. கண்ணை இறக்காதீங்க."

ஜெசிந்தா பார்த்தாள். அரை நிமிடத்தில் இடது இமை இறங்கி மூடிக்கொண்டது, அதன்பின் வலது இமையும் பாதி வந்தது.

"கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்று டாக்டர் கேட்டார். மீன்பிடித் துறையில் நின்றுகொண்டு அப்படிக் கேட்டதால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு நாலு பேர் நாலு திசையில் ஓடி நாலு கூடை ஐஸ் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஒரு துண்டை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றி, தன் கையாலேயே ஜெசிந்தாவின் மூடிய இடது கண்ணின்மேல் வைத்தார். இரண்டு நிமிடம் வைத்திருந்தார். மீன் வாடை அடித்த தண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்தது. எடுத்தபோது அந்தக் கண் முழுசாக, அகலமாக, விடியற்காலையில் திறப்பதுபோல் திறந்திருந்தது.

"அத்தை, அம்மா கண்ணு!" என்று பிரிஸ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அமலி கத்தினாள்.

ஐந்து நிமிடம்கூட அது நிற்கவில்லை, மறுபடி இறங்கிவிட்டது. டாக்டரின் முகத்தில் இருந்த அசதி மட்டும் காணாமல் போயிருந்தது. "இழுத்து மூச்சு விடுங்க. இப்போ ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே போங்க, நிறுத்தாம" என்றார். ஜெசிந்தா எண்ணினாள். எட்டில் குரல் மூக்குக்குப் போனது, பதினொன்றில் நின்றது.

"எத்தனை வரணும் டாக்டர்?"

"நாப்பது வரலாம். அதுக்கு மேலயும் வரலாம்." டாக்டர் நோட்டை மூடினார். "இவங்க இன்னைக்கே, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரணும். எங்க வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன்."

ஜெசிந்தாவுக்கு அந்த முழு மண்டபத்திலும் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "இதுக்கு ஒரு பேரு இருக்கா டாக்டர்?"

"இருக்குன்னு நினைக்கிறேன். சோதிச்சுப் பார்க்காம நான் சொல்லக்கூடாது."

"ஆனா இருக்கு."

"இருக்கும்மா."

அப்போதுதான் கபிரியேல் முன்னால் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, முன்பொரு புயலில் அவருடைய தம்பிமேல் தகரம் விழுந்து கால் போயிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு, "டாக்டரம்மா, நாளை ராத்திரி காத்து கரையைத் தொடும்ங்காக. இன்னைக்கு ஆறு தெரு, நாளைக்கு ஆறு தெரு முறை வச்சிருக்கோம். இவ போயிட்டா இந்த ஊரு என்ன செய்யும்? ரெண்டே ரெண்டு நாள். அப்புறம் நானே கொண்டுவந்து விடுதேன்" என்றார். பின்னால் நின்றவர்கள் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் கயிறு இருந்தது.

ஜெசிந்தா அந்தக் கயிறுகளைப் பார்த்தாள். ததேயுவைப் பார்த்தாள். அவனும் கயிறுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் இருந்துவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது, இரண்டரை வருடம் இருந்தாகிவிட்டதே. அதைச் சொல்ல மூச்சை இழுத்தாள். மூச்சு பாதியில் நின்றது.

"நான் போறேன் மாமா" என்றாள். "எனக்கு அந்தப் பேரு வேணும்."

யாரும் நகரவில்லை. அப்போது, ஏழு மாதமாக அவளிடம் பேசாத பிரிஸ்கா, அமலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். "என் தம்பி பொண்டாட்டிகிட்ட மொத்தம் பதினொரு மூச்சுதான் இருக்கு. அதுல ஆளுக்கு எத்தனை வேணும்னு சொல்லுங்க, பிரிச்சுத் தாரேன்" என்றாள். கபிரியேல் தலையைக் குனிந்துகொண்டார். வாசல் திறந்தது.

வேனில் அவளை ஏற்றும்போது ஒருமுறை தடுமாறி இருக்கையைப் பிடித்துவிட்டாள். வண்டி அச்சுவரை மணலில் இறங்கியது. கயிற்றோடு வந்த ஆண்களே அந்தக் கயிற்றை வேனில் கட்டி, ஏலேலோ சொல்லித் தார்ச்சாலை வரைக்கும் இழுத்துவிட்டார்கள். அங்கிருந்து டிரைவர் முதல் கியரிலேயே ஓட்டிக்கொண்டு போனார். வண்டியின் முனகலையும் தன் மூச்சையும் மாறிமாறிக் கேட்டபடி, எது முதலில் நிற்குமோ என்று ஜெசிந்தா பயந்துகொண்டே போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு இயந்திரத்தைத் தயாராக வைத்தார்கள். அதன் குழாய் யானையின் துதிக்கைபோல் அவளைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டு கரண்ட் கொடுத்துக் கைத்தசையைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றினார்கள். நாலு மணிக்கு மேல் கட்டில் கனத்து, அதன் சக்கரங்கள் தரையில் பதிந்தன. வார்டு ஆயாக்கள் அதைத் தள்ளாமல் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே புயல் இரண்டு நாள் ஊளையிட்டது. அது அடங்கிய மூணாவது நாள் ஏழாந்துறையில் முப்பத்தொரு கூரை போய்விட்டது, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தி வந்தது. ஜெசிந்தா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஷமீமா டாக்டர் கையில் ஒரு தாளோடு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"நான் நினைச்சதுதான்மா. மயஸ்தீனியா கிராவிஸ்."

எதிர்க்கட்டிலில் முந்தின நாள்தான் ஒரு பெண்ணுக்கு அவளுடைய வியாதியின் பேரைச் சொல்லியிருந்தார்கள், அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அதனால் டாக்டர் ஜெசிந்தாவின் தோளில் கைவைத்துக்கொண்டார். ஜெசிந்தா அழவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். டாக்டர் சொன்னார். கூடவே, நரம்பு சொல்வது தசைக்குக் கேட்கவில்லை என்றும், காலையில் கொஞ்சம் கேட்கும், பொழுது சாயச் சாயக் கேட்காமல் போகும் என்றும், அவளுடைய உடம்பே தெரியாத்தனமாக இரண்டுக்கும் நடுவிலுள்ள கதவை அடைத்து வைத்திருக்கிறது என்றும் சொன்னார்.

"அப்போ நான் சோம்பேறி இல்ல."

"இல்ல."

"மனசுக் கோளாறா?"

"இல்ல."

"எங்க அப்பா நேர்ச்சை முடிக்காததா? நான் எதையாவது தாண்டிட்டேனா?"

"இல்லம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல."

ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் ஜெசிந்தா ஒரு கட்டு அவிழ்ந்ததுபோல் சரிந்து சரிந்து கடைசியில் தலையணையில் சாய்ந்துவிட்டாள். "அந்தப் பேருல ரெண்டாவது சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"அது லத்தீன். கனம்னு அர்த்தம்."

ஜெசிந்தா சிரித்தாள். வாய்விட்டு, மூக்கால் காற்றுப் போக, வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். எங்கேயோ ஏதோ காலத்தில் யாரோ இதே வியாதியைப் பார்த்து, இதே சொல்லைத் தேடிப்பிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள், அப்படியானால் தனக்கு முன்னாலும் ஒருத்தி சாயங்காலத்தில் சீப்பை நழுவவிட்டிருக்கிறாள், அவளையும் யாரோ நம்பியிருக்கிறார்கள். கட்டில் காலடியில் நின்றிருந்த ததேயுதான் அழுதான். "அன்னைக்கு பஸ்ல நான் உன்கிட்ட பேசல ஜெசி" என்றான். "ஆமா, பேசல" என்றாள் அவள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் மற்றதையும் சொன்னார். இது முழுசாகப் போகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, நேரம் தப்பக்கூடாது. சாதாரணச் சளிகூட மூச்சில் கொண்டுபோய் விடலாம். நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியை எடுக்கவேண்டி வரலாம். ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இதுவரை நாலு பக்கமும் இருட்டாக நின்ற பயம் இப்போது எதிரில் வந்து உட்கார்ந்து தன் பேரைச் சொல்லியிருந்தது. கேள்வி கேட்டால் அது பதில் சொன்னது. மாத்திரை எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று கேட்டாள். முக்கால் மணி நேரம்.

பன்னிரண்டாம் நாள் அவளை அனுப்பினார்கள். மூணு மணிக்கே ஊர் சேர்ந்திருக்க வேண்டும். புயலில் அறுந்த சாலையில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது, நாலு மணிக்கு மேல் ஒரு குலுக்கலில் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்ததும் டிரைவர், "இன்னைக்கு வண்டி இழுக்கவே மாட்டேங்குதே" என்று திட்டத் தொடங்கினார். ஏழாந்துறை நிறுத்தத்தில் நின்றபோது மணி ஐந்தேகால். நிறுத்தத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவளுக்காக இல்லை, பஸ்ஸின் மேல் தாலுகா ஆபீசிலிருந்து வந்த நீலத் தார்பாய்களுக்காக. எல்லோரும் கூரை இழந்தவர்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

ததேயு அவளை இறக்கினான். அவள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை. ஒரு பெண், ஜெசிந்தாவைப் பார்க்காமல் தார்பாயைப் பார்த்துக்கொண்டே, "நீ இருந்திருந்தா இதுக்கு நாங்க கை நீட்டவேண்டியிருக்காது" என்றாள். ஜெசிந்தா அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். அப்போது அந்தக் கால்களுக்கிடையில் புகுந்து அமலி ஓடிவந்தாள். பின்னால் பிரிஸ்கா, "ஏட்டி நில்லு, மணி என்னன்னு தெரியுமா!" என்று கத்திக்கொண்டு வந்தாள், எட்டவில்லை. பிள்ளை தாயின் முழங்காலை வந்து கட்டிக்கொண்டது, பலமில்லாத கால் மடங்கியது, விழுந்த வேகத்தில் அக்குளிலிருந்து கை வெளியே வந்தது. ஒன்றரை வருடமாக ஜெசிந்தா ஒளித்துவைத்திருந்த கை, தன் பிள்ளையின் தலைமேல் போய் இறங்கியது.

அமலி மெல்லச் சரிந்து மணலில் படுத்துவிட்டாள்.

ஜெசிந்தா அலறினாள், அலறல் மூக்கு வழியாகப் போனது. ததேயு பிள்ளையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. மரியான் வந்தான், கபிரியேல் வந்தார், நாலு பேர் வந்தார்கள், பிள்ளையின் ஒரு கையைக்கூட மணலிலிருந்து உயர்த்த முடியவில்லை. ஜெசிந்தா அவள் முகத்தருகில் முகத்தை வைத்துப் படுத்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இறங்கியது. ஏறுகிறதா? ஏறியது, மெதுவாக, ஆனால் ஏறியது.

"மக்கா, வலிக்கா? மூச்சு முட்டுதா?"

"இல்ல" என்றாள் அமலி. வார்த்தை மூக்கு வழியாக வந்தது. அவள் இமைகள் பாதி இறங்கியிருந்தன. "கை வர மாட்டேங்கு. கண்ணும் வர மாட்டேங்கு. உனக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமாம்மா?"



"ஆமா" என்றாள் ஜெசிந்தா. "தினமும் இப்படித்தான்."

"ஐயோ" என்றாள் அமலி, பெரிய மனுஷிபோல.

தூறல் வலுத்தது. பிள்ளையைக் கொண்டுபோக முடியாது, தாய் எழுந்து போகமாட்டாள். முதலில் பிரிஸ்கா ஒரு தார்பாயைப் பிரித்து ஒரு நுனியைப் பிடித்தாள். அடுத்த நுனியைப் பிடித்தவள், சற்றுமுன் கை நீட்டவேண்டி வந்ததே என்று சொன்ன அந்தப் பெண். கபிரியேல் மூன்றாவதைப் பிடித்தார், நாலாவதை மரியான். தங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய கூரையை அவர்கள் இரண்டு பேருக்கும் மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள், மற்றவர்கள் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். கை கடுத்தபோது மாற்றிப் பிடித்தார்கள், இறக்கிவிடவில்லை.

"ஆறு மணிக்கு அவளுக்கு மாத்திரை" என்றான் ததேயு. ஆறு மணிக்குப் பிரிஸ்கா மாத்திரையை ஜெசிந்தாவின் நாக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். பாதி மூக்கில் வந்தது, பாதி இறங்கியது.

"இது என்ன வியாதிடி?" என்று பிரிஸ்கா கேட்டாள்.

ஜெசிந்தா பேரைச் சொன்னாள். கபிரியேலுக்கு அது சரியாக வரவில்லை, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தார்பாய்க்கு அடியில் ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அமலிதான் கடைசியில் ஓரளவு சரியாகச் சொன்னாள்.

"மாத்திரைக்கு முக்கால் மணி நேரம் ஆகும்" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குச் சரியாகும், ஆனால் பிள்ளைக்கு? அதை எந்த டாக்டரிடமும் அவள் கேட்டிருக்கவில்லை. கபிரியேல் கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி திருப்பிப் பிடித்தார். ஆறேகால். ஆறரை. பிள்ளையின் மூச்சை ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே ஜெசிந்தா படுத்திருந்தாள். ஆறு நாற்பதுக்கு அவளுடைய இடது இமை தானாக ஏறியது. ஐஸ் இல்லாமல், சாயங்காலத்தில், அது ஏறி அங்கேயே நின்றது. அந்தக் கண்ணால் அவள் அமலியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு நாற்பத்திரண்டு. நாற்பத்திநாலு. ஈர மணலில் அமலியின் சுண்டுவிரல் அசைந்தது, பிறகு மெல்ல, மெல்ல, மணலை விட்டு ஒரு நெல்லளவு உயர்ந்தது.